தரை தொடாத கடைசி வீடு

சட்டம் நிறைவேறிய மறுநாள் காலை, தெருவின் கடைசி வீடு தரையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பியிருந்தது. முதலில் பார்த்தவள் வீட்டுக்காரியேதான். பால் பாக்கெட்டை எடுக்க வெளியே கால் வைத்தாள். படி இருந்த இடத்தில் காற்று இருந்தது. கொஞ்ச நேரம் வாசலிலேயே காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து யோசித்தாள். பிறகு குதித்து இறங்கிப் பாலை எடுத்துக்கொண்டு, துவைக்கிற கல் பக்கத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி உள்ளே போய் டீ போட்டாள். அந்த வீட்டுக்கு வந்து போகிற மனிதர்களைப் பார்த்துப் பழகியவளுக்கு, வீடு செய்தது ஒன்றும் பெரிய விசித்திரமாகப் படவில்லை.

அவள் என்ன தொழில் செய்கிறாள் என்பது தெருவுக்குத் தெரியும். தெரியாதது போல இருக்கவும் தெருவுக்குத் தெரியும். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு, சந்தைக்குப் பின்னால் இருந்த லாட்ஜில் ஒரு தரகரிடம் பல வருஷம் மாட்டிக்கொண்டிருந்தாள். யாருக்குமே தாய்மாமன் முறை இல்லாத அந்த ஆளை ஊரே மாமா என்றுதான் கூப்பிட்டது. லாட்ஜில் அவள் அறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. தலைகீழாக நின்று பணம் சேர்த்து இந்தச் சின்ன வீட்டை வாங்கியதும் அவள் செய்த முதல் வேலை, கதவின் உள்பக்கம் கனமான தாழ்ப்பாள் ஒன்று அடித்ததுதான். முகம் பிடிக்காதவனுக்கு அது திறக்காது. அவன் கவுன்சிலராக இருந்தாலும் திறக்காது. வீடு போனால் திரும்ப லாட்ஜ்தான் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரியும்.

வந்த சட்டம் நல்லெண்ணத்தோடுதான் எழுதப்பட்டது. இந்நகரின் மண்ணில் நிற்கும் எந்தக் கட்டடத்திலும் அந்தத் தொழில் நடக்கக் கூடாது. நடந்தால் கட்டடத்தைப் பூட்டி முத்திரை வைக்கலாம். செய்கிறவள் மேல் குற்றமில்லை, வருகிறவன் மேல் குற்றமில்லை, கட்டடம்தான் குற்றவாளி. எழுதிய பெரியவர்களில் பாதிப் பேருக்கு இப்படிப்பட்ட கட்டடங்களின் உள்பக்கம் பழக்கம் என்பதால், பழியைச் சுவர் மேல் போடுவது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

பூட்டு, அரக்கு சகிதம் இன்ஸ்பெக்டர் வந்தார். குனிந்து, லத்தியை வீட்டுக்கு அடியில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நுழைத்துப் பார்த்தார். எதிலும் தட்டவில்லை. "மண்ணுல நிக்கலையே சார்" என்றார் கூட வந்த அரசு வக்கீல். "அப்ப தொங்குதுன்னு எழுதிடலாமா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "தொங்கணும்னா மேல எதுலயாவது கட்டியிருக்கணும்ல." இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். வானம் காலியாக இருந்தது. அவள் ஜன்னலிலிருந்து, "டீ வேணுமா சார்?" என்று கேட்டாள். குடித்துவிட்டுப் போனார்கள்.

நகரசபை சும்மா இருக்குமா? மண்ணிலும், மண்ணுக்கு ஓர் ஆள் உயரம் வரையிலும் என்று சட்டத்தைத் திருத்தியது. அன்று மாலையே வீடு இன்னும் எழும்பி, ஊரிலேயே உயரமான போலீஸ்காரரின் தொப்பிக்கு மேலே போய் நின்றது. இன்னும் உயரத்துக்குத் திருத்தலாமா என்று கேட்டு விமான இலாகாவுக்கு எழுதினார்கள். பதில் வரவில்லை. தண்ணீர்க் குழாய் பசை போல நீண்டுகொடுத்தது. கரண்டுக் கம்பி முதலிலிருந்தே கம்பத்தில் இருந்ததால் அதற்கு ஒரு சிரமமும் இல்லை.

சிரமம் வாடிக்கையாளர்களுக்குத்தான். அந்தத் தெருவில் யாரும் சொந்தமாக ஏணி வைத்துக்கொள்வதில்லை. குடியிருப்போர் சங்கத்து ஏணி ஒன்று செயலாளர் வீட்டுச் சந்தில் கிடக்கும், வேண்டியவர் கேட்டு வாங்கிப் போகலாம். அந்த வருஷம் தெருவில் பல்புகள் மாளாமல் ஃபியூஸ் ஆயின. கல்யாணமான காலத்திலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து வைக்காத கணவன்மார்கூட ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு பல்பு மாற்றக் கிளம்பினார்கள். செயலாளரின் மனைவிதான் முதலில் வாய் திறந்தாள். "நம்ம வீட்டு பல்பு எல்லாம் நல்லாத்தானே எரியுது? யாரு வீட்டு இருட்டப் போக்கப் போறீங்க?" செயலாளர் அன்றைக்கே ஏணியைச் சங்கிலி போட்டுப் பூட்டி, ஒழுக்கத்தைப் பற்றி நீளமாக ஒரு அறிக்கையும் விட்டார்.

அவள் அசரவில்லை. பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு ஒரு நூலேணி செய்தாள். ஏணி இப்போது அவள் கையில். கீழே வந்து நிற்கிறவனை ஜன்னலிலிருந்து நிதானமாகப் பார்ப்பாள். முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், உச்சந்தலையையும் தோளையும் அப்படி வைத்துக்கொள்ள முடியாது என்பது அவள் கண்டுபிடிப்பு. குடித்தவன், கை நீட்டுகிறவன், மாமா அனுப்பிய ஆள் எல்லாம் அண்ணாந்து கழுத்து வலித்துத் திரும்பிப் போனார்கள். வருமானம் குறைந்தது, தூக்கம் கூடியது. இடையில் மீட்புக் குழுவினர் மெகாபோனோடு வந்து, இறங்கினால் மெழுகுவர்த்தி செய்யக் கற்றுத் தருவதாகச் சொன்னார்கள். எத்தனை மெழுகுவர்த்தி விற்றால் ஒரு வீடு வாங்கலாம் என்று அவள் கேட்டதும் குழு மெகாபோனை அணைத்துக்கொண்டு கிளம்பியது.

அரசாங்கம் மாறியது. புதியவர்கள் முற்போக்கானவர்கள், தொழிலை உரிமத்தோடு நடத்தலாம் என்றார்கள். உரிமத்துக்கு அஸ்திவாரமுள்ள கட்டடம், இரண்டு வாசல், தீயணைப்புக் கருவி வேண்டும். இதெல்லாம் ஊரில் மாமாவிடம்தான் இருந்தது. உரிமத்தை லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு அவரே வந்து கீழே நின்றார்.

"இறங்கி வாம்மா. இப்ப எல்லாம் சட்டப்படி. டாக்டர் உண்டு, காப்பீடு உண்டு, வாரம் ஒரு நாள் லீவுகூட உண்டு."

"வர்றவன வேணாம்னு சொல்லலாமா?"

"அதெப்படி? லைசன்ஸ் எடுத்த கடை. வந்த ஆளத் திருப்பி அனுப்புனா நம்ம மேலதான் கேஸ்."

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம் மாமா?"

மாமா உரிமத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

மாமா போய்ச் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார். அஸ்திவாரமில்லாத கட்டடங்களை இழுத்துத் தரையில் சேர்க்கலாம் என்று உத்தரவு வந்தது. ஜன்னல் கம்பிகளில் கொக்கி மாட்டி, கயிறு கட்டி, தெரு ஆண்கள் எல்லோரையும் இழுக்கச் சொன்னார்கள். அவள் உள்ளே தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். கீழே மனைவிமார் பார்த்துக்கொண்டிருந்ததால் ஆண்கள் பல்லைக் கடித்து இழுப்பது போல நடித்தார்கள். செயலாளர் மட்டும் உண்மையாகவே இழுத்தார். வீடு ஒரு சாண்கூட இறங்கவில்லை. மாறாக லேசாக மேலே போனது. மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, செயலாளர் விடாமல் அதோடு உயர்ந்து, செருப்பு நழுவிக் கீழே விழக் காலை உதைத்துக்கொண்டு தொங்கினார். அவள் ஜன்னலைத் திறந்தாள்.

"மேல வர்றீங்களா சார், விட்டுடுறீங்களா?"

செயலாளர் கீழே மனைவியைப் பார்த்தார். கயிற்றை விட்டார். கணுக்கால் பிசகி மாதக்கணக்கில் நொண்டினார். அதற்குப் பிறகு யாரும் இழுக்கவில்லை.

ஃபைலை எப்படியாவது முடிக்க வேண்டுமே என்று நகரசபை அந்த வீட்டைப் பொது நிழற்குடை என்று வகைப்படுத்தியது. வெயில் நேரத்தில் அதன் அடியில் நல்ல நிழல் விழுந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. நிழற்குடைக்கு உரிமம் வேண்டாம், அஸ்திவாரம் வேண்டாம். தெருவில் மரம் எதுவும் இல்லாததால் சங்கக் கூட்டமும் அங்கேயே நடக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசித் தீர்மானம், தெருவின் மானத்தைக் காக்க அந்தப் பெண்மணி உடனே வெளியேற வேண்டும் என்பது. போன ஞாயிற்றுக்கிழமை செயலாளர் அதைப் பாதி வாசித்திருந்தபோது மேலேயிருந்து அவள் குரல் கேட்டது.

"கொஞ்சம் நகருங்க சார், துணி அலசுன தண்ணிய ஊத்தணும்."

எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். தண்ணீர் விழுந்து ஓய்ந்ததும் திரும்ப நிழலுக்குள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்கள். செயலாளர் விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.