வயிற்றுச் சூட்டுக்கு ஒரு டம்ளர் பால்

என் அக்கா மகள் சுவாதியைத் திரும்ப அழைத்துப் போகச் சொல்லி சிதம்பரத்திலிருந்து போன் வந்ததும், எனக்கு வந்த ஆத்திரத்தில் அரிந்துகொண்டிருந்த வஞ்சிர மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். நோயை மறைத்துத் தலையில் கட்டிவிட்டோமாம்! சொன்னது அவள் மாமியார் ஜோதிலட்சுமி. தாலி கட்டி அரை வருஷம்கூட ஆகவில்லை.

அக்காவுக்கு அழ மட்டும்தான் தெரியும். இந்த அஞ்சம்மாள் வாயைத் திறந்தால் கடலூர் மீன் மார்க்கெட்டே அடங்கும். அதனால் சுவாதியின் துணிமணியை அள்ளிவர ஒரு காலிப் பையோடு நானே பஸ் ஏறினேன்.

கூடப் படித்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்ட பிள்ளைகள். மாப்பிள்ளை கதிரவன் தங்கமான பையன். வீட்டில் பால் வியாபாரம், கொல்லையில் எருமைகள். உள்ளே போய்ப் பெண்ணைப் பார்த்தேன். அட கடவுளே, கருவாடாய் வற்றிக் கிடந்தாள்! வயிறு உப்புகிறது, பொருமுகிறது, ஓயாமல் கக்கூசுக்கு ஓடுகிறாள்.

"எல்லாம் சூடு," என்றாள் ஜோதிலட்சுமி. "மீனா தின்னு வளந்த ஒடம்பு. சூடு தணியட்டும்னு காலையும் ராத்திரியும் பெரிய டம்ளர்ல பால் குடுக்குறேன். வலி ஜாஸ்தியானா இன்னொரு டம்ளர். அதுக்கும் அடங்கலன்னா பெரிய நோயிதான? சொல்லிட்டுக் கட்டிக் குடுத்திருக்கலாம்ல?"

"எங்க பொண்ணுக்கா நோயி? கல்லத் தின்னாலும் செரிச்ச வயிறு அது!" என்று கத்தினேன்.

சுவாதி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "சித்தி, என்னக் கூட்டிட்டுப் போயிடாத. நான் இவரோடதான் இருக்கணும்," என்று தேம்பினாள்.

என் கோபம் பொசுக்கென்று இறங்கிவிட்டது. "டாக்டரப் பாப்போம். நோயின்னு சொன்னா நானே கூட்டிட்டுப் போறேன்," என்றேன். வாய் சொல்லிவிட்டதே தவிர, உள்ளுக்குள் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

எல்லோருமாகப் போனோம். டாக்டரம்மா முதலில் பிறந்த வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். மீன் தின்ற வாய்க்குப் பால் ஆகாது, வெண்குஷ்டம் வரும் என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. டீயில் ஊற்றுகிற பாலோடு சரி. அதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாலில் உள்ள சர்க்கரையை மட்டும் கரைத்துக் குடிக்க வைத்து, அடிக்கடி ஒரு குழாயில் ஊதச் சொல்லிச் சோதித்தார்கள்.

"நோய் இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "பாலைச் செரிக்க வைக்கிற சத்து ஒண்ணு சிறுகுடல்ல ஊறணும். அதுக்கான மரபணு எல்லார்கிட்டயும் இருக்கு, குழந்தையில நல்லா வேலை செய்யும். மரபணுவ எழுத்து எழுத்தா எழுதின மாதிரி நெனச்சுக்குங்க. அதுக்குப் பக்கத்துல ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தா, பெரியவங்களான பிறகும் அது ஓயாது. மாறலன்னா மெல்ல அடங்கிடும். நம்ம ஊர்ல அடங்கினவங்கதான் நெறைய. இது பொறப்பு, குறை இல்ல. பாலை நிறுத்துங்க. மோர் தாங்குதான்னு பாருங்க."

ஜோதிலட்சுமியின் முகம் செத்துப்போனது. "அப்போ வலிய நான்தான் ஆத்தி ஆத்திக் குடுத்தேனா? ஏன்டி, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீங்க ஆசையா குடுத்தீங்க அத்தை. வேணாம்னா மொகம் வாடிடுவீங்களோன்னு..."

அதுவரை வாயே திறக்காத மாமனார் கண்ணாயிரம் கனைத்தார். "எனக்கும் அந்த எழுத்து மாறல போலருக்கு. கல்யாணம் ஆனதுலேருந்து நீ குடுக்குற ராத்திரிப் பால நான் கன்னுக்குட்டிக்குத்தான் ஊத்துறேன்."

"என்னது! ஏன் சொல்லல?"

"மருமவ சொன்னாளே, அதுக்குத்தான்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. கதிரவனும் சிரித்துவிட்டான். ஜோதிலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. வீடு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய், பால் ஊற்றாத வரக்காப்பி போட்டு எடுத்துவந்து சுவாதியிடம் நீட்டினாள்.

சுவாதி ஒரு வாய் குடித்தாள். என்னைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். பிறகு மெல்ல டம்ளரைத் திருப்பி நீட்டினாள்.

"சக்கரை ஜாஸ்தி அத்தை."

ஜோதிலட்சுமி டம்ளரை வாங்கிக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது, வாய் மட்டும் சிரித்தது.

"இப்படிச் சொல்லித் தொலைடி," என்று சொல்லிவிட்டு, வேறு காப்பி போட உள்ளே போனாள்.