மண்ணீரல் இயல்பு

தையல்காரியின் கணவருக்கு வாய் சும்மா இருக்காது. மனைவியின் சினைப்பையில் கிளம்பிய புற்றுநோய் வயிறெங்கும் பரவியிருப்பதாகச் சொன்ன பிறகும் அப்படித்தான். மறுநாள் காலை கருப்பையையும் சினைப்பைகளையும் எடுப்பதாக இருந்தது. அவர்களுக்குக் குழந்தை இல்லை; இனி அந்த நினைப்புக்கே இடமில்லை.

ஸ்கேன் படத்தை வாங்க இருவரும் வந்திருந்தார்கள். "முன்னாடி ஆபரேஷன் ஏதாச்சும் நடந்திருக்கா?" என்று ஸ்கேன் டாக்டர் போகிற போக்கில்தான் கேட்டாள்.

"சின்ன வயசுல மாடியிலிருந்து விழுந்தாளாம். வயித்தத் திறந்து என்னமோ எடுத்தாங்களாம். பொறுமையத்தான் எடுத்திருப்பாங்கன்னு நான் சொல்லுவேன்."

"உங்ககூட குப்பை கொட்ட அது பத்தாதுன்னு எனக்கே தெரியும்," என்றாள் மனைவி.

டாக்டர் சட்டென்று எழுந்தாள். உள்ளே போய்ப் படத்தைத் திறந்தாள். இடது விலா எலும்புகளுக்கு அடியில் மண்ணீரல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அவள் எழுதிக் கொடுத்த அறிக்கையிலோ, 'மண்ணீரல் இயல்பு.' எல்லா உறுப்பும் நன்றாக இருப்பதாகக் கணினியில் முன்பே வாக்கியங்கள் அடித்து வைத்திருந்தாள். கெட்டதை மட்டும் மாற்றுவது வழக்கம். கட்டிகளைக் கண்ட பரபரப்பில் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டாள்.

அன்று அடிபட்டுச் சிதறிய மண்ணீரலின் துணுக்குகள்தான் வயிற்றுக்குள் ஒட்டி வளர்ந்து கட்டிகளாகத் தெரிகின்றனவோ? அப்படியானால் அவற்றால் கெடுதலே இல்லை.

அறுவை மருத்துவரை அழைத்தாள். "நாளைக்குக் கத்தி வைக்காதீங்க சார்."

"அந்த வயித்துத் தழும்பு எனக்கும் உறுத்துச்சும்மா. நீங்க மண்ணீரல் நல்லாருக்குன்னு எழுதினதாலதான் விட்டேன்."

தையல்காரியின் ரத்தத்தையே எடுத்து, சிவப்பணுக்களைச் சூட்டில் நலியவைத்து, கதிரியக்க மருந்து சேர்த்து ஊசியாகப் போட்டார்கள். நலிந்த அணுக்களைப் பிடித்து வைப்பது மண்ணீரலின் குணம். புற்றுக்கு அது கிடையாது. திரையில் கட்டிகள் ஒன்றுவிடாமல் ஒளிர்ந்தன.

செய்தி கேட்டுக் கணவர் கைகூப்பினார். "தெய்வம்மா நீங்க."

டாக்டர் அதோடு எழுந்து போயிருக்கலாம். "இல்லைங்க. கேன்சர்னு முதல்ல எழுதினதும் நான்தான். மண்ணீரல் இல்லங்கறதப் பாக்காம விட்டுட்டேன்."

கணவர் கூப்பிய கையை இறக்கினார். மனைவிதான் பேசினாள்.

"எனக்கப்புறம் என் தங்கச்சியக் கட்டிக்கங்கன்னு இவர்கிட்ட அழுதேன் டாக்டர். மாட்டேன்னுதான் சொல்வாருன்னு நினைச்சேன்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரின்னாரு. அதை எந்த ஸ்கேன்ல சரி பண்ணுவீங்க?"