பட்டியல் மாறிய பொத்தான்

பொற்கொடிக்கு அன்றைக்கு ஒரே ஒரு கவலைதான். ஆனால் அது ஆளை உட்காரவிடாத கவலை. வேலைக்கு வருகிறாயா, இல்லையா என்று பெங்களூர் கம்பெனி ஒன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் கேட்டிருந்தது. அவளுக்குப் போக மனசே இல்லை. புருஷன் ஜெகதீஷ் போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். மலைப்பாதை வளைவு அத்தனையும் அவனுக்கு அத்துப்படி. பெங்களூர் டிராபிக்கில் கொண்டுபோய் விட்டால் பாவம், அழுதேவிடுவான். அதனால் போடியில் இருந்துகொண்டே கடைகளுக்கு வெப்சைட் செய்து பிழைக்கலாம் என்று பார்த்தாள். முதல் வாடிக்கை சாந்தகுமாரியின் ஏலக்காய்க் கடை. அங்கே பேர் எடுத்தால் மற்ற கடைக்காரர்கள் தானாக வருவார்கள். கெட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

காலை பதினோரு மணிக்குப் பேர் கெட்டது.

"ஏ பொற்கொடி, வெரசா கடைக்கு வா. என் மானமே போச்சு!" என்று போனில் கத்தினாள் சாந்தகுமாரி.

பொற்கொடி செய்து கொடுத்தது அப்படி ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. வெப்சைட்டில் ஒரே பக்கத்தில் எழுதுவதற்கு இரண்டு பெட்டிகள், அதாவது இரண்டு எடிட்டர். மேல் பெட்டியில் வெளியூர் வியாபாரிகளுக்குக் கடிதம் எழுத வேண்டும். கீழ்ப் பெட்டியில் கடைக்குள் மட்டும் பார்க்கிற குறிப்பு. இரண்டிலும் வேலை செய்கிற மாதிரி தானே ஒரு பிளகின், அதாவது எடிட்டரில் சொருகுகிற சின்ன நிரல், எழுதி, 'யாருக்கு' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தாள். அழுத்தினால் ஆட்களின் பட்டியல் விரியும். தொட்டால் பெயர் வந்து விழும்.

மேல் பெட்டிக்கு மரியாதையான பெயர்கள். கீழ்ப் பெட்டிக்குப் பட்டப்பெயர்கள். அந்தக் கடையில் எந்த மனுஷனுக்குச் சொந்தப் பெயர் இருந்தது? ஒருத்தர் 'நாளைக்குப் பேசுவோம்'. இன்னொருத்தர் 'சாக்குப்பிரிச்சான்'. விருதுநகர் முத்துக்கிருஷ்ணன் அண்ணாச்சியோ 'மோப்பக்காரர்'. ஒரு கை ஏலக்காயை எடுத்தாரென்றால் அரைமணி நேரம் முகர்ந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். கடையின் பெரிய வாடிக்கை அவர்தான். அவருக்குத்தான் அன்று காலையில், 'மதிப்பிற்குரிய மோப்பக்காரர் அவர்களுக்கு' என்று கடிதம் போயிருந்தது!

பொற்கொடி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கடையில் சாந்தகுமாரி தன் தம்பி பிரேம்சிங்கை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். கடிதம் எழுதியது அவன்தான்.

"அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாசிக்கத் தெரியாதாடா ஒனக்கு?"

"ரெண்டு தடவை வாசிச்சேன்க்கா. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இருபது வருஷமாக அந்தக் கடையில் மோப்பக்காரர் என்றால் மோப்பக்காரர்தான். அந்தப் பெயரைக் கடிதத்தில் பார்த்தபோது, ஆள் சரிதானே என்றுதான் அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

பொற்கொடி ஏலக்காய்ச் சாக்கின் மேலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். பத்தே நிமிஷத்தில் வண்டவாளம் தெரிந்துவிட்டது. பட்டியலை அந்தந்தப் பெட்டியிடம் கொடுக்காமல், பொதுவாக ஒரே இடத்தில் போட்டு வைத்திருந்தாள். பக்கம் திறக்கும்போது மேல் பெட்டி தன் பட்டியலை அங்கே வைக்கிறது. அடுத்து வந்த கீழ்ப் பெட்டி அதைத் தள்ளிவிட்டுத் தன் பட்டியலை வைக்கிறது. அப்புறம் எந்தப் பெட்டியில் பொத்தானை அழுத்தினாலும் பட்டப்பெயர்தான். வீட்டில் ஒவ்வொரு பெட்டியாகத் தனித்தனியே சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. சே, ஒரு தடவை இரண்டையும் சேர்த்துத் திறந்து பார்த்திருந்தால்!

"இவன் எதையாவது அமுக்கித் தொலைச்சிருப்பான், அப்படித்தானே?" என்றாள் சாந்தகுமாரி.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. பிரேம்சிங் இன்னும் கொஞ்சம் திட்டு வாங்குவான், அவனுக்கு அது பழக்கம்தான். அவள் பேரும் தப்பிக்கும், பெங்களூரும் வேண்டாம். பொற்கொடிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிரேம்சிங் தலையைக் குனிந்துகொண்டு நின்றதைப் பார்த்ததும் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"இல்லக்கா. தப்பு என்னோடது. அண்ணன் சரியாத்தான் அமுக்கியிருக்காரு. நான்தான் ரெண்டு பட்டியலையும் ஒரே எடத்துல போட்டு வச்சுட்டேன்."

சாந்தகுமாரி தம்பியை விட்டுவிட்டு அவளை முறைத்தாள். பொற்கொடி குனிந்த தலை நிமிராமல் சரிசெய்தாள். பொது இடத்தில் இருந்ததை அழித்தாள். ஒவ்வொரு எடிட்டரும் திறக்கும்போதே அதன் கான்ஃபிக்கில், அதாவது அதன் சொந்த அமைப்புக் குறிப்பில், அதற்குரிய பட்டியலைக் கொடுத்தாள். பிளகின் இனிமேல், தான் எந்த எடிட்டருக்குள் இருக்கிறதோ அதனிடம் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். இரண்டு பெட்டியையும் ஒன்றாகத் திறந்து பார்த்தாள். மேலே மரியாதை, கீழே நக்கல். அதது அதன் இடத்தில் இருந்தது.

அதற்குள் போன் அடித்தது. விருதுநகர்! சாந்தகுமாரி முகம் வெளுத்து, ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தாள்.

பொற்கொடி முந்திக்கொண்டாள். "அண்ணாச்சி, நான் பொற்கொடி. அந்த வெப்சைட்டு செஞ்சவ. பேரு மாறுனது என் தப்பு. மன்னிச்சிருங்க."

"பேரு நீயா வச்ச?"

"இல்ல அண்ணாச்சி. நான் பொத்தான்தான் வச்சேன்."

"அப்ப வச்சவ அங்க இருக்காளா?"

சாந்தகுமாரி போன் பக்கம் குனிந்தாள். "அண்ணாச்சி, அது வந்து... ஒரு பாசத்துல..."

"நான் மோந்து பாக்குறேன், இல்லேன்னா சொல்றேன்? அது கெடக்கட்டும். எங்க கடையில ஒனக்கு என்ன பேரு தெரியுமா? 'கடைசிவெலை'. போனை எடுத்ததும் அதைத்தானே சொல்லுவ!"

பிரேம்சிங்குக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் புரை ஏறிவிட்டது.

"கடைசிவெலையா? என்னையா?" என்றாள் சாந்தகுமாரி.

"ஒன்னையத்தான். அந்தப் பிள்ளை போயிருச்சா, இருக்கா?"

"இருக்கேன் அண்ணாச்சி."

"என் பயலுக இதுவரைக்கும் ஒரு தப்பையும் தானா வந்து ஒத்துக்கிட்டதில்ல. நீ திங்கக்கிழம விருதுநகர் வாம்மா, எங்க கடைக்கும் ஒண்ணு செய்யணும். ஆனா ரெண்டு பட்டியலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே கூடாது, சொல்லிப்புட்டேன். எங்க பட்டியல் ஒங்களோடதைவிட ரொம்ப மோசம்."

போன் வைக்கப்பட்ட பிறகும் சாந்தகுமாரி, "கடைசிவெலையாம்ல!" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டிருந்தாள். பொற்கொடி சாக்கை விட்டு எழுந்திருக்காமலே பெங்களூருக்கு 'வரவில்லை' என்று ஒற்றை வரி அடித்து அனுப்பினாள். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.