காதில் சொன்னது

"அம்மாவுக்கு ரொம்ப முடியலக்கா. உடனே கிளம்பி வா" என்று தம்பி போனில் சொன்னதும் பேபி கேட்ட முதல் கேள்வி, "யார் எழுதிக் குடுத்த வசனம்டா இது?"

தம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன்!"

ஐம்பதைத் தாண்டி, முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிற வயதிலும் அவளுக்குப் பேபி என்றுதான் பெயர். பால்பல் விழுவதற்கு முன்பே சினிமாவில் அழ ஆரம்பித்தவள். வளர்ந்ததும் நாயகியின் தோழி, அப்புறம் நாயகனின் அக்கா, இப்போது டிவி தொடரில் மருமகளைப் பாடாய்ப் படுத்தும் மாமியார். மார்க்கெட்டுக்குப் போனால் பெண்கள் இன்னும் அவளைத் திட்டிவிட்டு, கூடவே நின்று செல்ஃபியும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அவள் சந்தேகப்பட்டதிலும் தப்பில்லை. போன வாரம்தான் ஒரு டிவிக்காரன் வந்து, "நீங்களும் அம்மாவும் கட்டிப்பிடிச்சு அழணும் மேடம். ஆனா திடீர்னு நடக்கிற மாதிரி இருக்கணும்" என்றான். வாசலைக் காட்டினாள். பக்கத்தில் தம்பி பல்லிளித்துக்கொண்டு நின்றதை அவள் மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகள் கண்ணில் கிளிசரின் போட மாட்டார்கள். எரியுமாம், பாவமாம். அதற்குப் பதில் அழுகைக் காட்சிக்கு முன்னால் அம்மா வந்து குனிவாள். "நம்ம நாய்க்குட்டி செத்துப்போச்சுடி" என்று காதில் சொல்வாள். குழந்தை ஓவென்று அழும். கேமரா ஓடும். 'கட்' சொன்னதும் அம்மா ஓடி வந்து அள்ளிக்கொள்வாள். "சும்மா சொன்னேன்டி கண்ணு, சும்மா சொன்னேன்." வீட்டுக்குப் போனால் நாய்க்குட்டி வாலாட்டும். என்ன பாவமோ, என்ன புண்ணியமோ!

ஒருநாள், "அப்பா போயிட்டாருடி" என்றாள். பேபி அழுத அழுகையில் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களே மூக்கைச் சிந்தினார்கள். 'கட்' ஆனது. குழந்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிக்கத் தயாராக அம்மாவைப் பார்த்தது. அம்மா வாயைத் திறக்கவில்லை. செய்தி காலையிலேயே வந்துவிட்டது. காட்சியை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று படத்து முதலாளி சொன்னார், அம்மாவும் தலையாட்டினாள். கடைசியில் அதையே காட்சிக்கும் பயன்படுத்திக்கொண்டாள். இன்றைக்கும் ஜனங்கள் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்து, 'என்ன நடிப்பு!' என்கிறார்கள்.

அப்புறம் அவள் யாரை நம்புவாள்? முதல் புருஷன் காய்ச்சல் என்று படுத்தால், தெர்மாமீட்டரை உதறி இன்னொரு தடவை வைப்பாள். இரண்டாவது புருஷன், "உன்கூடக் குடித்தனம் நடத்தறதும் போலீஸ் ஸ்டேஷன்ல குடியிருக்கறதும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசியே வருஷக்கணக்காகிறது.

ஆனாலும் ஆட்டோ பிடித்து ஓடினாள். ஒருவேளை நிஜமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று வழியெல்லாம் ஆட்டோக்காரனை விரட்டினாள்.

அறைக்குள் கால் வைத்ததும் முதலில் தரைதான் கண்ணில் பட்டது. கட்டிலடியில் பச்சை டேப் ஒட்டியிருந்தது. படப்பிடிப்பில் நடிகர்கள் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் ஒட்டுவார்களே, அதே மாதிரி. ஆகா, மாட்டினீங்களாடா! ஜன்னல் வெளிச்சம் அம்மாவின் முகத்தில் மட்டும் விழுந்தது. நர்ஸ் வேறு தேவைக்கு மேல் அழகாக இருந்தாள்.

கேமராவை எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்று பேபி திரையை விலக்கிப் பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் திருப்பினாள்.

"என்னக்கா தேடற? காலையிலேருந்து உன்னையேதான் கேக்கறாங்க" என்றான் தம்பி. அவன் குரல் உடைந்திருந்தது. நன்றாகத்தான் நடிக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கட்டிலிலிருந்து ஒரு கை லேசாக உயர்ந்து அவளைக் கூப்பிட்டது.

"இரும்மா, வரேன்" என்றவள், குனிந்து டேப்பைச் சுரண்டினாள். "இது எதுக்கு?"

"கட்டில் சக்கரம் அதுமேலதான் நிக்கணும்மா. தள்ளிப் போனா ஆக்சிஜன் குழாய் எட்டாது" என்றாள் நர்ஸ்.

பேபி நிமிர்ந்தாள். அந்தக் கை மெத்தையில் விழுந்து கிடந்தது. ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"கிட்ட வா" என்றாள் அம்மா.

பழைய பழக்கத்தில் தலை தானாகவே சாய்ந்து காதைக் கொடுத்தது.

"நான் போறேன்டி."

அதே காது, அதே கிசுகிசுப்பு. கண்ணில் தண்ணீர் சொல்லிவைத்த மாதிரி முட்டியது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வெடுக்கென்று தலையைத் தூக்கி, அம்மாவின் கண்ணுக்குள் பார்த்தாள்.

"நிஜமாவாம்மா?"

அம்மாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அசைவும் நின்றது. நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

பேபி முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் குனிந்து, அந்த வாயருகே காதை வைத்தாள்.

"சொல்லும்மா. எப்பவும் சொல்வியே, அதைச் சொல்லு."

தம்பி வந்து தோளைத் தொட்டான். "அக்கா, எழுந்திரு."

"பேசாம இருடா" என்றாள் பேபி. "கட் ஆயிடுச்சு. இப்ப சொல்லுவாங்க."