மீன்பெட்டிக்குள் கொப்பிகள்

வாடைக்காற்று தொடங்கிவிட்டால் ஜெறோமின் வள்ளம் கடலுக்குப் போகாது. மார்கழியில் கையில் காசு இருக்காது. ஆகவே அவன் மனைவி லவீனா புரட்டாதியிலேயே பட்டணத்துக்குப் போய், இரண்டு பிள்ளைகளுக்கும் தையில் தொடங்கும் பள்ளி வருடத்துக்கான கொப்பிகளையும் வெள்ளைச் சீருடைத் துணியையும் வாங்கி வந்து, அலுமாரியின் அடித்தட்டில் அடுக்கி வைத்தாள்.

ஐப்பசியில் ஒருநாள் பார்த்தால் தட்டு வெறுமையாக இருந்தது. மீனுக்கு ஐஸ் போடும், பாரமில்லாத றெஜிபோம் நுரைப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் வைத்து, மூடியைச் சுற்றிப் பசைநாடா ஒட்டியிருந்தான் ஜெறோம்.

"மழை வரப்போகுதப்பா. சவுக்காரம் போட்டுக் கழுவித்தான் வைச்சனான்" என்றான்.

"புதுக் கொப்பியை ஆரும் மீன்பெட்டிக்குள்ளை வைப்பினமே? அந்த மணத்துக்கு வகுப்பிலை பிள்ளையளுக்குப் பக்கத்திலை ஆர் இருப்பினம்?"

வெடித்தாள் லவீனா. கோபத்தில் பெட்டியைத் தொடவேயில்லை.

கார்த்திகையில் அவர்கள் இருந்த குருநகருக்குள் வெள்ளம் வந்தது. மூன்று நாள் தேவாலய மண்டபத்தில் தங்கிவிட்டுத் திரும்பியபோது, வீட்டுக்குள் இன்னும் முழங்காலளவு தண்ணீர் நின்றது. அலுமாரியின் அடித்தட்டு முழுகிக் கிடந்தது. பெட்டி மட்டும், கட்டிவிட்ட வள்ளம் போல, கதவடியில் மிதந்துகொண்டிருந்தது.

ஜெறோம் மூடியைப் பிரித்தான். ஒரு தாள்கூட நனையவில்லை. மகள் ஷெரோன் கொப்பி ஒன்றை முகர்ந்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"மீன் மணக்குதம்மா."

லவீனா அதை வாங்கித் தானும் முகர்ந்து பார்த்தாள். உண்மைதான், மணந்தது.

"மணக்கட்டும் பிள்ளை. ஆரும் கேட்டால், எங்கடை அப்பா காப்பாத்தின கொப்பி எண்டு சொல்லு."