ஓட்டுப் பலகையும் ஒரு பக்க மீசையும்

அழுத்திப் பிடித்திருந்த ஜாக்கியை அவள் தளர்த்தியதும் சூட்டுத் தகடு மேலே எழும்பியது. பலகை உதிராமல் முழுசாக வந்தது. மூலையில் தட்டிப் பார்த்தாள். டக்கென்றது. இதற்கு முந்தைய பதினேழு பலகைகளும் தொப்பென்றுதான் சொல்லியிருந்தன.

"அக்கா, மாமாவுக்கு மூச்சு இழுக்குது!" என்று உள்ளேயிருந்து தங்கை கூப்பிட்டாள்.

பலகையைத் துணியில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

நிலக்கடலை உடைக்கும் மில் அவளுடையது. மலையாகக் குவியும் கடலை ஓட்டைப் பிசினில் குழைத்து, சூட்டில் அழுத்திப் பலகையாக்குவது இரண்டு வருஷமாக அவளைப் பிடித்த பைத்தியம். புருஷன் தச்சர். "கடலை ஓட்டுல திருகாணி நின்னா ஒரு பக்க மீசையை எடுத்துக்கறேன்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வழவழப்பாக வர வேண்டுமென்று அவள் ஓட்டை மாவாக அரைத்துத் தள்ளினாள். மாவு பிசினையெல்லாம் குடித்துவிட்டுப் பொலபொலவென்று உதிர்ந்தது. போன வாரம் அந்த உதிரியை நோய்ப்படுக்கையில் கிடந்தபடியே விரலில் தேய்த்துப் பார்த்தவர், "மூஞ்சிக்குப் போடற பவுடரா இது? கொரகொரன்னு விடேன்" என்றார். எதிராளி வாயிலிருந்தே வழி வந்தது. பதினெட்டாவதுக்கு ஓட்டைக் கொரகொரப்பாகவே விட்டாள்.

இன்று காலை டாக்டர் கையை விரித்துவிட்டுப் போயிருந்தார். புருஷன் கண்ணை மூடுவதற்குள் அவளிடம் ஒரு தடவை தோற்க வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"பலகை ஆறட்டுமேக்கா" என்றாள் தங்கை.

"ஆறுற வரைக்கும் அவரு இருக்கணுமே."

பலகையைக் கட்டிலோரத்து ஜன்னல் கம்பியில் நிறுத்தி, இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினாள். துளை போட்டுத் திருகாணியைச் செருகினாள். அவர் கண்ணைத் திறந்தார். திருப்புளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூன்று சுற்றுக்கு மேல் முடியவில்லை. மீதியை அவள் முடுக்கினாள்.

"என் உளிப்பையை மாட்டு."

"அது கல்லு கனம் கனக்குமேங்க."

"பயமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பையைத் தூக்கி மாட்டிக் கையை எடுத்தாள். மூவரும் திருகாணியையே பார்த்தார்கள். ஒரு பொட்டுத் தூள்கூட விழவில்லை.

"அடிப்பாவி!" என்றார். கண் பளபளத்தது. "எடு பிளேடை."

"விளையாடாதீங்க."

"வாக்கு வாக்குதான்டி."

நுரை பூசி இடப்பக்கத்தை வழித்தாள். அவர் குலுங்கினார். சிரிக்கிறார் என்று தெரிந்து அவளும் சிரித்தாள். கண்ணாடி எடுக்கத் திரும்பினாள். காட்டியபோது அவர் பார்க்கவில்லை.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா கண்ணாடியைக் கீழே வைத்தாள். பிளேடைக் கழுவிவிட்டு வந்து, வலப்பக்கத்தையும் கீறல் படாமல் மெதுவாக வழித்து முடித்தாள். அதன் பிறகுதான் சொந்தபந்தத்துக்குச் சொல்லச் சொன்னாள்.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. அவருடைய அண்ணன் தம்பியின் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"ஏம்மா, மீசை எங்க?"

"தோத்துட்டாரு" என்றாள்.

அண்ணனுக்கு விளங்கவில்லை. துக்கத்தில் உளறுகிறாள் என்று விட்டுவிட்டார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"யாரு இவ்வளவு கனத்தை இதுல மாட்டினது? விழுந்துடப் போகுது" என்று பையை இறக்கக் கை நீட்டினார்.

"விழாது. இருக்கட்டும்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். கூட்டம் நகர்ந்து இடம் விட்டபோது யாருடைய தோளோ இடித்துப் பை ஒரு தடவை ஆடியது. அப்புறம் நின்றது.