அறுபத்து நான்குக்கு மேல்

ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதைக்கூட என் அண்ணன்தான் முதலில் சொல்ல வேண்டும். புரோகிராமைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் இரண்டு நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். இப்படிப்பட்டவனுக்குத் தங்கையாக ஒரே வீட்டில் வளர்ந்தது போதாதென்று ஒன்பது வருடம் ஒரே அலுவலகத்தில் வேலையும் பார்த்தேன். என் பொறுமைக்கு யாரும் மாலை போடவில்லை.

நாங்கள் செய்வது லிஃப்டை ஓட்டும் சர்க்யூட் போர்டு. மின்சாரம் வந்ததும் அதிலிருக்கும் சிப் கண் விழிக்கிறதே, அந்த முதல் நொடிக்கான பூட் புரோகிராமை எழுதுவது அண்ணன். அந்த நொடியில் சிப்புக்கு ஒன்றும் தெரியாது. மோட்டார் எந்தக் கம்பியில், கதவு எந்தக் கம்பியில் என்று ஒரு பட்டியலைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளும். பட்டியலில் தப்பு இருந்தால் தப்பு என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது. திரையும் விளக்கும் அதற்குப் பிறகுதான் எழுந்திருக்கும். போர்டு செத்தது போலக் கிடக்கும். சிப்பில் ஒருமுறை பர்ன் செய்து பதித்ததை அழித்து எழுதவும் முடியாது, குப்பைக் கூடைதான்.

நான் கேட்டது ஒரே ஒரு வரி, ஒரு செக். பட்டியலில் அறுபத்து நான்கு பதிவுகளுக்குத்தான் இடம். அதைத் தாண்டினால் புரோகிராம் கம்பைலே ஆகக் கூடாது. சிப்பிடம் போவதற்கு முன்பே, எங்கள் மேசையிலேயே, சிவப்பு எழுத்தில் நின்றுவிட வேண்டும். இதற்குப் போய் நான்கு மீட்டிங் நடந்தது என்றால் யாராவது நம்புவார்களா?

மீட்டிங் அறையில் ஏசி சொட்டுகிற இடத்தில் ஒரு வாளி இருக்கும். வாளிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணன், மேசைத் தலைமாட்டில் முதலாளி. முதலாளி மாதத்துக்கு ஒரு புது வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வருவார். அந்த மாதம் முழுக்க ‘சேஃப்டி’யை வைத்துக்கொண்டு எங்களை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார்.

“ஒவ்வொரு வரியும் என் கையால எழுதுறேன். எனக்கு மேல ஒரு காவல்காரன் எதுக்கு?” என்றான் அண்ணன்.

“உனக்குக் காவல் இல்லண்ணா, பட்டியலுக்கு. சிப்புக்குள்ள ஒரு பைட் கூட எக்ஸ்ட்ராவா போகாது. கம்பைல் ஆகுறப்பவே பாத்துட்டு அதோட வேல முடிஞ்சிரும்.”

“பட்டியல் தாண்டாது. நான் எண்ணிட்டுத்தான் தருவேன்.”

“போன வருஷமும் எண்ணிட்டுத்தான் தந்தே.”

போன வருடம் ஒரு லாட் போர்டு, மொத்தத் தயாரிப்பும் குப்பைக்குப் போயிருந்தது. அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. “எண்ணத் தெரியாதவங்களுக்குத்தான் மெஷின் எண்ணிக் குடுக்கணும். அதுவும் இல்லாம, செக் கத்துனா இங்க இருக்குறவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? தப்பத் தேட மாட்டாங்க. கத்துறத நிறுத்தத்தான் பாப்பாங்க.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஐம்பத்து நான்கு வயதில் இப்படியொரு சப்பைக்கட்டு.

கடைசியில் முதலாளி, புரிந்துகொண்டதால் அல்ல, பசித்ததால் தீர்ப்புச் சொன்னார். “செக்கப் போட்டுருங்க. பெரியவரே, இன்னொரு லாட் போச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்குவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி கட்டில் நிறையத் துணியைக் குவித்து வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தலையணை உறையை என் பக்கம் தள்ளிவிட்டு, “இந்த வயசுல அவர வெளிய எவன் கூப்பிட்டு வேல தருவான்?” என்றாள். “அவருக்கு இதத் தவிர ஒண்ணும் தெரியாது. வீட்ல ஒரு பல்பு மாட்டத் தெரியாது. நீ ஜெயிச்சுக்கோ, வேணாங்கல. அவருக்கு வேல மட்டும் இருக்கணும்.”

“அதுக்குத்தானே அண்ணி அந்த வரியே” என்றேன். பாதியாவது உண்மையாகத்தான் சொன்னேன்.

வரியைப் போட்டேன். எட்டு மாதம் அது வாயே திறக்கவில்லை. காபி மெஷின் பக்கம் போகும்போதெல்லாம் அண்ணன், “உன் காவல்காரன் தூங்குறானா?” என்று கேட்பான். நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். ஒரே ஒரு தடவை அது கத்த வேண்டும், அதுவும் அவன் தப்புக்குக் கத்த வேண்டும் என்று நான் வேண்டாத நாள் கிடையாது.

கத்தியது. ஒரு வாடிக்கையாளர் கதவுக்குப் புது சென்சார் கேட்டிருந்தார். அண்ணன் பழைய சென்சாரின் பதிவை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்த்ததாக நினைத்தான். சேர்த்தான், எடுக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கம்பைல் செய்யும் பில்டை ஓட்டுவது என் வேலை. பட்டனைத் தட்டினேன், திரையில் சிவப்பு. பட்டியல் இடத்தைத் தாண்டுகிறது, அறுபத்தைந்து.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனைக் கூப்பிடத் திரும்பினால், முதலாளி அந்த வாடிக்கையாளரையும் அவருடைய ஆளையும் அழைத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறார்.

“புது சென்சாரோட லிஃப்ட் ஓடுறதக் காட்டுங்கம்மா” என்றார். பிறகு திரையைப் பார்த்து, “என்ன செவப்பா இருக்கு? அந்த செக்கா? வேலைய நிறுத்தி வச்சிருச்சா?” என்றார்.

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைக் கெடுத்தது. நாளைக்கே ‘செக் போட்டதால்தான் வேலை கெடுகிறது’ என்று அதைத் தூக்கிவிடுவார். அண்ணன் வருடக்கணக்கில் சொல்லிக்காட்டுவான். இல்லை சார் என்று சொல்லிவிட்டு, அறுபத்து நான்கு என்று இருந்த இடத்தில் அறுபத்தைந்து என்று அடித்தேன். செக் சரிதான், எண்தான் பழசு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அறுபத்து நான்குக்கு அடுத்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். திரை பச்சையானது. மாதிரி போர்டும் அழகாக ஓடியது. வந்தவர்கள் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் என் மேசைக்கு வந்தான். “உன் செக் ஏதாவது சொல்லிச்சா?”

எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் கிண்டல் இல்லாமல் கேட்கிறான். அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்கலாம்.

“ஒண்ணும் சொல்லல” என்றேன்.

“அப்ப சரி. இந்தத் தடவ நான் எண்ணல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அறுபத்து நான்குக்கு அடுத்த இடம் போர்டின் வரிசை எண்ணுக்கு. மாதிரி போர்டுகளுக்கு வரிசை எண் போடுவதில்லை, அதனால் அங்கே காலியாக இருந்தது. தொழிற்சாலையில் ஒவ்வொரு போர்டுக்கும் அதை எழுதினார்கள். எழுதிய எண் நேராக அறுபத்தைந்தாவது பதிவின் தலைமேல் ஏறி உட்கார்ந்தது. ஆயிரத்து இருநூறு போர்டு. ஒன்றுகூடக் கண் விழிக்கவில்லை.

மறுபடியும் அதே அறை. முதலாளி உட்காரவே இல்லை. “பெரியவரே, நான் அன்னைக்கே சொன்னேன்” என்று ஆரம்பித்தார்.

“சார், தப்பு என்னுது” என்றேன். “செக் கத்துச்சு. நான்தான் எண்ண மாத்தினேன்.” மாற்றங்களின் பதிவைச் சுவரிலிருந்த பெரிய திரையில் திறந்து காட்டினேன். என் பெயர், தேதி, நேரம், அறுபத்து நான்கு அறுபத்தைந்தானது, எல்லாம் கண்ணெதிரே இருந்தது.

முதலாளி திரையைப் பேந்தப் பேந்தப் பார்த்தார். அதில் ஓர் எழுத்துகூட அவருக்குப் புரியாது. பிறகு என்னை மிகவும் இரக்கமாகப் பார்த்தார். “அண்ணனுக்காகப் பழிய ஏத்துக்கிறீங்க. நல்ல மனசும்மா.”

“பழி இல்ல சார், நெஜம்! நீங்களும்தான் பின்னாடி நின்னீங்க!”

“செக் வேணும்னு சண்ட போட்டவங்களே அத அமுக்குவாங்களா? யார் நம்புவா?” என்றவர் அண்ணன் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்க. அந்த செக் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா, இந்த லாட் பொழச்சிருக்குமா?”

ஆமாம் என்று சொன்னால் போதும், அவன் வேலை தப்பிவிடும். அவனுக்குத் திரையைப் படிக்கத் தெரியும், படித்தும் விட்டான். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்ததாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கமான திமிர்.

“ஒண்ணு அதிகமாப் போட்டது என் கை” என்றான். “என் புரோகிராமக் காப்பாத்த இவளோட ஒரு வரி வேணும்னு நான் என்னைக்கும் சொன்னதில்ல. இப்பவும் சொல்ல மாட்டேன்.”

“அண்ணா, வேல போயிரும். சொல்லித் தொலையேன்” என்று நான் கத்தினேன். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வாளியைச் சுற்றிக்கொண்டு நடந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். அண்ணியிடம் நான் என்னவென்று சொல்வேன் என்று அவன் ஒரு நொடி யோசித்திருப்பானா?

முதலாளி இப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “திங்கக்கிழமையிலேருந்து பூட் புரோகிராம் உங்க பொறுப்பும்மா. உங்கள மாதிரி கறாரான ஆளுதான் அதுக்குச் சரி.”

முடியாது என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

“சரி சார்” என்றேன்.